வளர்கிற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிது

கடைத்தெருத் திருப்பத்தில் இருக்கிற செருப்புக் கடையின் குழந்தைகள் பிரிவு ஒரு மனிதரின் தனி ராஜ்ஜியம். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது முதலாளிக்கு எப்போதாவது ஒரு தடவையும், மனைவிக்குக் கோபம் தலைக்கேறும்போதும்தான் ஞாபகம் வரும். மற்ற எல்லோருக்கும் அவர் ‘ஒருசைஸ்’. மரியாதை தெரிந்தவர்கள் ‘ஒருசைஸார்’ என்பார்கள். நாமும் மரியாதை தெரிந்தவர்கள்தான்.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. எந்தப் பிள்ளை கடைக்குள் காலடி எடுத்து வைத்தாலும் அவர் வாயிலிருந்து ஒரே வாக்கியம்தான் வரும்: “வளர்ற பிள்ளைங்க, ஒரு சைஸ் பெருசா எடுங்க.” அழுகிற பிள்ளை, சிரிக்கிற பிள்ளை, செருப்பே வேண்டாம் என்று தரையில் புரள்கிற பிள்ளை எல்லோருக்கும் அதே வாக்கியம். ஒரு தடவை, மீசை முளைத்த கல்லூரி மாணவனிடமும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவனும் எடுத்துக்கொண்டு போனான். வாக்கியத்தின் பலம் அப்படி.

பாதத்தை அளக்கக் கடையில் இரும்புப் பலகை ஒன்று உண்டு. குதிகால் ஒரு பக்கம் முட்டி நிற்க, மறுபக்கம் நகரும் தகட்டை விரலோடு ஒட்டித் தள்ளினால் எண் தெரியும். ஒருசைஸார் அதைத் தொடுவதே கிடையாது. அளவெடுத்துத் தெரிந்துகொள்வது கற்றுக்குட்டிகளின் வேலை என்பது அவர் கட்சி. வாசற்படி ஏறும் பாதத்தைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணைச் சொல்வார், சொன்னபடியே இருக்கும். சாய்வு வைத்த குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, பிள்ளையின் காலைத் தன் முழங்காலில் ஏற்றி, பெரிய ஷூவை மாட்டுவார். முன்னால் காலியாகக் கிடக்கும் இடத்தில் பழைய செய்தித்தாளைக் கசக்கி உருண்டையாக்கி அடைப்பார். “வளர வளர இதைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டே வாங்க. ஷூ அப்படியே இருக்கும், பிள்ளை வளரும்.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு ஒளி வரும். விதைக்கிற விவசாயிக்கு வருகிற மாதிரியான ஒளி.

அவருடைய தத்துவம் சுருக்கமானது. இடம் விட்டு வைத்தால் போதும். வளர்ச்சி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பெண் பிறந்தது. பிறந்த நாளிலிருந்தே உருவம் சிறியதாக, கண் மட்டும் பெரியதாக இருந்ததால் ‘பட்டன்’ என்று பெயர் நின்றுவிட்டது. பட்டன் முதல் அடி எடுத்து வைத்த வாரமே அப்பா தன் கடையின் மிகச் சிறந்த ஷூவை வாங்கி வந்தார். சிவப்பு நிறம், ஒட்டுப் பட்டி, அடியில் கெட்டியான ரப்பர். மற்றவர்களுக்குத்தான் ஒரு சைஸ். தன் மகள் என்பதால் இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தார். பாசம் என்று ஒன்று இருக்கிறதே. முன்னால் இரண்டு காகித உருண்டைகள் அடைத்தார். பட்டன் அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது இரண்டு படகுகள் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு போவது போல இருந்தது.

வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் தூங்குவார்கள், மற்றதில் மீதி வாழ்க்கை முழுவதும் நடக்கும். மனைவிக்கு மருந்துக் கடை கவுண்டரில் வேலை. விடிந்ததும் கிளம்பி உச்சி வேளைக்குத் திரும்புவார். ஒருசைஸார் உச்சி வேளைக்குக் கிளம்பிக் கடை சாத்தியபின் வருவார். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்ற, மற்றவர் மாட்ட, நடுவில் பட்டன் கை மாறுவாள். ஓட்டப் பந்தயத்தில் குச்சியைக் கை மாற்றுகிற மாதிரி. பேசிக்கொள்ள நேரம் இருக்காது. “சாப்பிட்டாளா?” என்று கேட்பார் ஒருவர். “ம்ம்” என்பார் மற்றவர். அந்த ‘ம்ம்’ எந்த அகராதியிலும் இல்லாத சொல். அதற்கு ‘கொஞ்சம் குடித்தாள், நிறையத் துப்பினாள், இனி உன் பாடு’ என்று பொருள்.

அப்பாவின் ஆட்சியில் காலைப் பொழுது இப்படிப் போகும். முதலில் ஒரு பாட்டில் பால். பாலில், மனைவி கடையிலிருந்து கொண்டுவந்த சத்துப் பவுடர். டப்பாவின் மேல் ஒட்டகச்சிவிங்கி ஒன்று மேகத்துக்கு மேலே தலையை நீட்டி நிற்கும். அது அந்தப் பவுடரைக் குடித்துத்தான் அப்படி ஆனது என்று எழுதவில்லை, மறுத்தும் எழுதவில்லை. பிறகு அவர் குளிக்கப் போகும்போது அவள் கையில் ஒரு பிஸ்கட், சட்டை தேய்க்கும்போது ஒரு பிஸ்கட், யாராவது போன் செய்தால் ஒரு பிஸ்கட். அவள் அழுதால் வாய்க்குள் போவதற்கு பிஸ்கட்டைவிட வேகமான பொருள் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அதன்பின் கிண்ணத்தில் சோற்றைக் குழைத்து எடுத்து வருவார். இரண்டு வாய் போகும். மூன்றாவது வாய்க்குப் பட்டன் தலையைத் திருப்புவாள்.

“சரி, வேணாம்னா விடு. உங்கம்மா வந்து ஊட்டுவா.”

அம்மாவின் ஆட்சியிலும் அரசியல் சட்டம் அதேதான். பாட்டில், ஒட்டகச்சிவிங்கி, பிஸ்கட், இரண்டு வாய், திருப்பின தலை. “காலையில அப்பா நல்லா ஊட்டிட்டாரு போல, வயிறு ஃபுல்லா இருக்கு” என்று அம்மா சந்தோஷமாகக் கிண்ணத்தைக் கழுவப் போடுவார். குழந்தை தொந்தரவே செய்வதில்லை, சாப்பாடு கேட்டு அழுவதே இல்லை என்று இரண்டு பேருக்கும் பெருமை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வீட்டையே தின்றுவிடும் போலிருக்க, தங்கள் பிள்ளை மட்டும் எவ்வளவு நாகரிகம்!

பட்டன் எதையும் சாப்பிடுவதில்லை என்று சொன்னால் அவளுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அவளுக்கு விருப்பமான உணவு ஒன்று இருந்தது. ஷூ.

கடையில் ஜோடி தொலைந்த ஒற்றைக் கால்களை ஒருசைஸார் விளையாட்டுச் சாமானாக வீட்டுக்குக் கொண்டு வருவார். அதோடு தூங்குகிற அறையிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில், ஊரெல்லாம் சுற்றி வந்த செருப்புகளின் அடுக்கு. பட்டன் நேராக அங்கேதான் போவாள். ஒன்றை எடுத்து, குதிகால் பக்கமாகத் திருப்பி, ஈறு பதிய அழுத்திக் கடித்து, கண்ணை மூடி ருசிப்பாள். முதல் முறை பார்த்தபோது அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா, தோலா ரெக்ஸினான்னு கடிச்சே சொல்லிடுவா போல. தொழில் ரத்தத்துலயே ஓடுது.”

அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும். “பல்லு முளைக்குது, அதான்” என்பார் அம்மா. மருந்துக் கடையிலிருந்து ஏதோ ஒரு புட்டி வரும், போக்கு நிற்கும். கொஞ்ச நாளில் மறுபடி வரும், மறுபடி பல் முளைக்கும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பட்டனுக்கு இந்நேரம் ஒரு முதலையைவிட அதிகமான பற்கள் இருந்திருக்க வேண்டும். இருந்தவை, சிரித்தால் எண்ணிவிடலாம்.

இப்படி எல்லாம் சுபமாகப் போய்க்கொண்டிருந்தபோது மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, கட்டடம் எழும்பும் இடங்களில் கிரேன் ஓட்டுகிறவன். பகல் முழுக்க மனிதர்களை எறும்பாகப் பார்த்துப் பழகியதால் யாரையும் பற்றிப் பெரிதாக அபிப்பிராயம் வைத்திருப்பவன் இல்லை. வந்ததும் பட்டனைத் தூக்கினான். மறுபடி இறக்கி, மறுபடி தூக்கினான்.

“அக்கா, இது போன தடவை நான் தூக்கின அதே ஆள்தானே?”

“என்னடா கேள்வி இது?”

“இல்ல, அப்படியே இருக்காளே. ஒரு அங்குலம்கூட மாறலையே. மாமா, ஊறுகாய் மாதிரி ஏதாவது போட்டுப் பதப்படுத்தி வெச்சிருக்கீங்களா?”

ஒருசைஸாருக்குச் சுருக்கென்றது. “மச்சான், கன்னத்தைப் பாரு. கன்னம் பொய் சொல்லுமா?”

“கன்னம் இருக்கு மாமா. கன்னத்துக்குக் கீழ என்ன இருக்குன்னுதான் கேக்கறேன். மாடி வீட்டுப் பையன் இவளைவிடச் சின்னவன். இப்ப வரும்போது பாத்தேன், கதவுத் தாழ்ப்பாளைத் தொடறான். இவ தாழ்ப்பாளை அண்ணாந்துல்ல பாக்கறா?”

“நாங்க குட்டைப் பரம்பரை. என்னைப் பாரு. கடையில மேல் தட்டுல டப்பா எடுக்க ஸ்டூல் போடாம எடுத்திருக்கேனா? பெருமையா சொல்லிக்கறேன்.”

“பெருமைப்பட வேண்டியது ஸ்டூல் மாமா, நீங்க இல்ல.”

தம்பி போனபின் அக்காவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மருந்து விற்கிற கைக்கு எல்லா நோயின் பெயரும் தெரியும். இதற்கு மட்டும் பெயர் தெரியவில்லை. தடுப்பூசி போடுகிற நாள் வந்ததும், “நீங்களும் வாங்க” என்று கணவரையும் இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார். பட்டன் சிவப்பு ஷூவில், அதாவது படகில், வந்தாள்.

நர்ஸ் ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டு ஒரு நீளமான மரப் பலகையை மேசைமேல் வைத்தார். ஒரு பக்கம் தலை முட்டுகிற தடுப்பு, மறுபக்கம் பாதத்தோடு ஒட்டித் தள்ளுகிற நகரும் பலகை. ஒருசைஸார் பார்த்தார். தன் கடையில் தூசி படிந்து கிடக்கும் அந்த இரும்புப் பலகைதான். பாதத்துக்குப் பதிலாக முழு ஆளுக்கும். பட்டனைப் படுக்க வைத்தார்கள். பலகை நகர்ந்து வந்து நின்றது. நர்ஸ் எண்ணைப் பார்த்தார், சுவரில் இருந்த வளைகோட்டுப் படத்தைப் பார்த்தார், மறுபடி ஒரு தடவை அளந்தார்.

“வயசுக்கு உயரம் ரொம்பக் குறைவா இருக்குங்க. எடை பரவாயில்ல, உயரம்தான். வளர்ச்சி தடைப்பட்டிருக்கு.”

“நீங்க முழங்காலை நல்லா அழுத்தலை சிஸ்டர்” என்றார் ஒருசைஸார். “அளக்கறது எங்க தொழில். ஒரு பக்கம் சாஞ்சாலே குறையும்.”

நர்ஸ் மூன்றாவது தடவையும் அளந்தார். பலகை அதே இடத்தில் நின்றது.

“சரி, வளர்ற பிள்ளைதானே. ஒரு சைஸ் பெருசா எழுதிக்குங்க.”

நர்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க நமக்குத் திறமை போதாது. பிறகு பெரிய டாக்டர் வந்து பட்டனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறவிக் கோளாறு எதுவும் இல்லை என்றார். ஒருசைஸார் உடனே பரம்பரையைச் சாட்சிக்கு அழைத்தார். “இந்த வயசுல பரம்பரையைவிட வீட்டு அடுப்புக்குத்தான் செல்வாக்கு அதிகம். நடுவுல வயிறு கெட்டுக்கிட்டே இருந்தா சாப்பிட்டதும் நிக்காது” என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன சாப்பிடறா? காலையிலேர்ந்து சொல்லுங்க.”

இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பாட்டில், பவுடர், பிஸ்கட், பிஸ்கட், பாட்டில். பவுடரின் உயர்வைப் பற்றி மனைவி ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினார்.

“அதெல்லாம் சரி. சோறு, பருப்பு, முட்டை, காய் இந்த மாதிரி? அதை யாரு ஊட்டறீங்க?”

இரண்டு விரல்கள் ஒரே சமயத்தில் நீண்டன. அவர் விரல் மனைவியைக் காட்டியது. மனைவியின் விரல் அவரைக் காட்டியது.

“நீங்கதானே காலையில ஊட்டறீங்க?”

“நீதானே மத்தியானம் ஊட்டறே? ‘வந்து ஊட்டுவா’ன்னுதானே நான் ரெண்டு வாயோட விட்டுடறேன்!”

“ஊட்டியாச்சுன்னுதானே நான் ரெண்டு வாயோட நிறுத்திக்கறேன்!”

பட்டன் அதற்குள் கழற்றி வைத்த ஷூவை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அதைப் பார்த்தார். “இது?” என்றார். “அது... தொழில் ரத்தத்துல...” என்று ஆரம்பித்த ஒருசைஸார் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார்கள். பாட்டிலும் பிஸ்கட்டும் பசியைக் கொன்றுவிடுகின்றன, தெருவையெல்லாம் மிதித்த அடியை வாயில் வைத்தால் வயிறு கெடத்தான் செய்யும், சாப்பாடு போதாமல் வயிறும் அடிக்கடி கெட்டால் உடம்பு தப்பிப் பிழைக்கிற வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு வளர்கிற வேலையை ஒத்திப் போட்டுவிடும் என்றார். “இந்த வயசு போயிடுச்சுன்னா விட்டதைப் பிடிக்கறது ரொம்பக் கஷ்டம். உயரம் மட்டும் இல்ல, மூளை வளர்றதும் இப்பதான். மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க.”

வெளியே வந்ததும் ஒருசைஸார் தீர்ப்பு சொன்னார்: “பலகை தேஞ்சு போச்சு. அரசாங்கப் பலகை.” மனைவி பட்டனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஒட்டகச்சிவிங்கி மட்டும்தான் தலை நிமிர்ந்து நின்றது.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் கடைக்கு ஒரு அம்மா வந்தார், கையில் ஒரு பையனையும் பையில் ஒரு ஜோடி ஷூவையும் வைத்துக்கொண்டு. ஷூவை எடுத்து ஸ்டூல்மேல் வைத்தார். சிவப்பு நிறம், ஒட்டுப் பட்டி, கெட்டி ரப்பர்.

“ஞாபகம் இருக்காங்க? உங்ககிட்டதான் எடுத்தேன். உங்க பொண்ணுக்கும் இதே ஷூவை அன்னிக்குத்தான் எடுத்து வெச்சிருந்தீங்க. ‘என் பொண்ணுக்கே ரெண்டு சைஸ் பெருசு, நீங்களும் அப்படியே எடுங்க’ன்னீங்க.”

ஞாபகம் இல்லாமலா? அந்த லாட்டில் இரண்டே ஜோடி வந்தது. இரண்டும் ஒரே எண். இரண்டு பிள்ளைகளும் அந்த வாரம்தான் நடக்க ஆரம்பித்திருந்தன.

“ஏங்க, ஷூவுல ஏதாவது கோளாறா?” என்றார், தொழில் முறையில்.

“ஷூ நல்லாத்தான் இருக்கு. பிள்ளைதான் நிக்க மாட்டேங்கறான். முதல் உருண்டையை அப்பவே எடுத்துட்டேன், ரெண்டாவதையும் எடுத்து எவ்வளவோ நாளாச்சு. இப்ப விரல் இடிக்குதுன்னு அழறான். வேற குடுங்க. ஒரு சைஸ் பெருசா!”

அந்த அம்மா ஒருசைஸாரின் வாக்கியத்தையே அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். ஒருசைஸார் ஷூவைக் கையில் எடுத்தார். உள்ளே கட்டைவிரலை விட்டார். முனை காலியாக இருந்தது. உள்பக்கத் துணியில் ஐந்து குட்டி விரல்களின் பள்ளம் வழவழவென்று பதிந்திருந்தது. பெருவிரல் இருந்த இடத்தில் தோலே புடைத்திருந்தது. ஆயிரம் பழைய ஷூக்களில் அவர் விரல் விட்டிருக்கிறார். இப்படி ஒரு ஷூ அவரைத் திரும்பக் கேள்வி கேட்டதில்லை.

பையனின் பாதத்தைப் பார்த்தார். எண் தெரிந்தது. அவர் செய்த அடுத்த காரியத்தைப் பார்த்து முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். ஒருசைஸார் மூலையில் கிடந்த இரும்புப் பலகையை எடுத்துத் துடைத்து, பையனின் காலை அதன்மேல் வைத்து அளந்தார்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்ற மறந்து நேராக அடுக்குக்குப் போனார். சிவப்பு ஷூவை எடுத்து விரலை விட்டார். இரண்டு உருண்டைகளும் அவர் அடைத்த இடத்திலேயே இருந்தன. முதல் உருண்டையை வெளியே எடுத்துப் பிரித்தார். ஏதோ புயல் வரப்போவதாகப் போட்டிருந்தது. அந்தப் புயல் வந்து, கூரைகளைப் பிய்த்து, ஜனங்கள் கூரைகளைத் திரும்ப வேய்ந்து, அதை மறந்தும் போயிருந்தார்கள். பட்டன் மட்டும் நகரவில்லை. இத்தனை நாளும் வெளியே போகும்போதெல்லாம் ‘ஷூ புதுசு போலவே இருக்கு, என்ன தரம்!’ என்று அவர்தான் மெச்சிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ஷூவைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்க?”

“பலகை தேயலை” என்றார்.

மனைவி புரிந்துகொண்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் தூங்குகிற பட்டனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலின் எண் அவருக்குத் தெரியும். பல மாதமாகத் தெரியும். எந்தப் பாதமும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை, தெரிந்தே தப்பவிட்டது இதை மட்டும்தான்.

மறுநாள் காலை, மனைவி வேலைக்குக் கிளம்புமுன்பே, வீட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. செருப்பு அடுக்கு வாசலுக்கு வெளியே போனது. ஒற்றைக் கால்கள் குப்பைக்குப் போயின. பட்டன் அதற்காக அழுத அழுகையில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து விசாரித்தார்கள். ஒட்டகச்சிவிங்கியைத் தூக்கும்போது மட்டும் மனைவி கொஞ்சம் தயங்கினார்.

“நான் தினம் பத்துப் பேருக்கு இதைப் பரிந்துரை பண்றேங்க. ‘என் பொண்ணுக்கும் இதான் குடுக்கறேன்’னு சொல்லித்தான் விக்கறேன்.”

“நானும் அதையேதான் சொல்லி ஷூ வித்தேன்” என்றார் அவர். டப்பா பரணுக்குப் போனது. அங்கேயும் அது தலை நிமிர்ந்துதான் நின்றது.

ஆட்சி மாறினால் போதுமா? குடிமகள் ஒத்துழைக்க வேண்டுமே. முதல் நாள் ஒருசைஸார் முட்டையை மசித்து, பருப்புச் சோற்றில் பிசைந்து எடுத்து வந்து, பட்டன் வாயைத் திறந்த ஒரு கணத்தில் உள்ளே தள்ளினார். இறுகின ஷூவில் குதிகாலைத் தள்ளுகிற அதே வேகம். பட்டன் அதை அப்படியே அவர் சட்டைக்குத் திருப்பி அனுப்பினாள். இரண்டாம் வாயும் சட்டைக்கே. மூன்றாம் வாயில் அவர் குரல் உயர்ந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மனைவி இதைப் பார்த்தார்.

“கடையில ஒரு அம்மா இருபது ஜோடி இறக்கச் சொல்லி, எதுவும் பிடிக்கலைன்னு எழுந்து போனா என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுவேன், சிரிச்சுக்கிட்டே ‘அடுத்த வாரம் புது மாடல் வருது, வாங்க’ன்னு சொல்லுவேன்.”

“ஊர்ல இருக்கறவ கால்ல விழுந்து கிடப்பீங்க. சொந்தப் பொண்ணு ரெண்டு தடவை தலையைத் திருப்பினா மூஞ்சி கோணுது. அவளும் ஒரு கஸ்டமர்னு நினைச்சுக்குங்களேன்.”

ஒருசைஸாருக்கு உறைத்தது. உறைத்தால் வேலை செய்கிற மனிதர்தான்; இத்தனை நாள் யாரும் சரியான இடத்தில் சொல்லவில்லை. சாய்வு ஸ்டூல் மாதிரி ஒரு சின்னப் பலகையைப் போட்டுப் பட்டனுக்கு எதிரே, அவள் கண் மட்டத்தில் உட்கார்ந்தார். தன் தட்டிலிருந்தே எடுத்தார். “அம்மாவுக்கு என்ன காட்டட்டும்? பருப்பு இருக்கு, மீன் இருக்கு, இந்தக் கீரை இப்பதான் வந்தது, பாருங்க, தொட்டுப் பாருங்க, கலர் போகாது.” பட்டன் தொட்டுப் பார்த்தாள். பிசைந்து பார்த்தாள். தலையில் தேய்த்தும் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதற்குத்தான் சம்பளமே. எந்தக் காலும் தள்ளினால் உள்ளே போகாது, தளர்ந்தால்தான் போகும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமா? வாய்க்கும் அதுவே பொருந்தும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சில நாள் ஐந்து வாய் போனது. சில நாள் ஒன்றும் போகவில்லை. “பரவாயில்ல, சாயங்காலம் புது மாடல் வருது” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். வாசலில் கை மாறும்போது இப்போது ‘ம்ம்’ கிடையாது. “அரை முட்டை, ஆறு வாய் சோறு, கீரையைத் துப்பிட்டா” என்று முழு அறிக்கை. மனைவி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே கேட்பார். தண்ணீர் கொதித்து ஆறியிருக்கும். பாட்டில் வழக்கொழிந்து டம்ளர் வந்தது. பல் முளைக்கிற வயிற்றுப்போக்கும், என்ன ஆச்சரியமோ, கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. ஒரு நாள் பட்டன் தானாகவே அம்மா தட்டிலிருந்து மீனை எடுத்து ஓடினாள். அம்மா திருடனைப் பிடிக்கிற மாதிரி கத்தினார், சந்தோஷத்தில்.

கடையில்தான் நிலைமை மோசமானது. ஒருசைஸார் இப்போது எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் இரும்புப் பலகையை எடுக்கிறார். பிறகு நிமிர்ந்து, “என்ன சாப்பிடுது?” என்கிறார். ஷூ வாங்க வந்தவர்கள் திருதிருவென்று விழிக்கிறார்கள். ஒரு அப்பா, “பிஸ்கட்தாங்க, வேற எதுவும் இறங்காது” என்று சொல்லி மாட்டிக்கொண்டு, அரை மணி நேரம் உபதேசம் கேட்டு, ஷூ வாங்காமலே தப்பி ஓடினார். முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏம்பா, இது செருப்புக் கடையா சத்துணவுக் கூடமா?”

“முதலாளி, பிள்ளை வளர்ந்தாத்தானே அடுத்த ஷூ வாங்குவாங்க?”

முதலாளி யோசித்தார். வியாபாரத்தில் இப்படி ஒரு கோணம் இருப்பது அவருக்கு இதுவரை தோன்றவில்லை. உபதேசத்தைப் பத்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார். ‘ஒருசைஸ்’ என்ற பட்டம் போய், ‘என்னசாப்பிடுது’ என்ற பட்டம் வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. ஒரு தொல்லை போய் அதே உருவத்தில் இன்னொரு தொல்லை வந்திருக்கிறது, ஊர் பழகிக்கொள்ளும்.

மூன்று மாதம் ஆனது. சுகாதார நிலையத்தில் அதே மேசை, அதே பலகை, அதே நர்ஸ். இந்த முறை பட்டனின் முழங்காலைப் பிடிக்கும் வேலையை ஒருசைஸாரே கேட்டு வாங்கிக்கொண்டார். மனைவி அவர் கையையே கவனித்துக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் ஒரு சைஸ் இழுத்துவிடுவாரோ என்று பயம். அவர் இழுக்கவில்லை. முழங்கால் நேராக, குதிகால் பலகையோடு, விரல் மேல்நோக்கி. இவ்வளவு நாணயமாக அவர் வாழ்க்கையில் யாரையும் அளந்ததில்லை.

பலகை வந்து நின்றது.

நர்ஸ் எண்ணைப் பார்த்து, சுவரைப் பார்த்து, “ஏறியிருக்கு” என்றார். மனைவி மூச்சு விட்டார். “ஆனா இன்னும் கோட்டுக்குக் கீழதாங்க. இருக்க வேண்டிய இடத்துக்கு வரலை. இதை இப்படியே விடாம பண்ணிக்கிட்டே இருக்கணும். முழுசா வருமான்னு இப்பவே யாரும் சொல்ல முடியாது.”

ஒருசைஸார் பலகையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “எவ்வளவு ஏறியிருக்கோ அவ்வளவே எழுதுங்க சிஸ்டர்” என்றார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பட்டனுக்கு ஷூ மாட்டினார். மாட்டும்போதே விரல் நுனிக்கு ஒரு சேதி வந்தது. கழற்றினார், உள்ளே தடவினார், மறுபடி மாட்டினார். முதல் உருண்டையை அவர் அந்த இரவே எடுத்துப் பிரித்திருந்தார். கால் வளராமலே எடுத்ததால் பட்டனால் நடக்க முடியாமல் மறுநாளே திரும்ப அடைத்திருந்தார். இப்போது அந்த உருண்டை பெருவிரலை லேசாக முட்டியது.

“என்ன?” என்றார் மனைவி.

“இடிக்குது.”

“முழுசா எடுத்துடலாமா?”

அவர் மறுபடி தடவிப் பார்த்தார். முன்பென்றால் முழுசாக எடுத்துவிட்டு, ‘வளர்ந்துடும்’ என்று சொல்லியிருப்பார். உருண்டையை வெளியே எடுத்து, பிரித்து, சரிபாதியாகக் கிழித்தார். ஒரு பாதியைக் கசக்கித் திரும்ப அடைத்தார். அளவு சரியாக இருந்தது. மற்றப் பாதியை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு யோசனை வருவதற்குள் பட்டனுக்கு வந்துவிட்டது. வெடுக்கென்று பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஐயோ! துப்பு, துப்பு! ஆ காட்டு!”

பட்டன் ‘ஆ’வென்று திறந்தாள், தொண்டை வரைக்கும் தெரியும்படி. அவர் விரலை விட்டுக் காகிதத்தைத் தோண்டி எடுத்தார். மிச்சம் இருக்கிறதா என்று திரும்ப உள்ளே விட்ட விரல் அப்படியே நின்றது. கடைவாயில், ஈறைக் கிழித்துக்கொண்டு, கூரான ஏதோ ஒன்று வந்திருந்தது.

“பல்லு முளைச்சிருக்கு” என்றார், நம்ப முடியாமல். “நிஜமாவே முளைச்சிருக்கு.”

“சோத்துக்குத் திறக்க மாட்டேன்னு என்னா பிகு பண்ணினா, பேப்பருக்குப் பாருங்க வாசல் கதவு மாதிரி திறக்கறா” என்றார் மனைவி. “யாரு பொண்ணு!”

பட்டன் அதற்குள் ‘கடுக்’கென்று கடித்தாள். விரல் இன்னும் உள்ளேதான் இருந்தது. ஒருசைஸார் வலியில் படியை விட்டே எழுந்துவிட்டார். ஆனாலும் சில நொடிகள் விரலை வெளியே எடுக்கவில்லை. கடி நல்ல பலமாக இருந்தது.